மேனாட்டார் கண்ட சீனா

உங்கள் சமையலறைக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள். அப்பளம் பொரிக்கிற சீனாச் சட்டி இருக்கும். டப்பாவில் சீனி இருக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியை விட்டு இறங்குகிற பீங்கான் கோப்பைகள் இருக்கும். படிகாரத்துக்குக்கூட நம் பாட்டிமார் 'சீனாக்காரம்' என்றுதான் பெயர் சொல்வார்கள். தேயிலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்படி நம் அடுப்பங்கரையிலேயே பெயர் பதித்திருக்கிற தேசம் சீனா. ஆனால், அந்தத் தேசத்தை ஆளுகிறவர்கள் யார், எப்படி ஆளுகிறார்கள், வெளி உலகத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், நமக்குக் கிடைக்கிற பதிலில் பெரும்பகுதி லண்டன் வழியாகவோ நியூயார்க் வழியாகவோ வந்ததாக இருக்கும். வழியில் எத்தனையோ கை மாறி வருகிற சரக்கு அது. அரிசியைக் களைவதற்கு முன் கல் பொறுக்குவது நமக்குப் பழக்கமாயிற்றே! இந்தச் சரக்கிலும் கொஞ்சம் கல் பொறுக்கிப் பார்ப்போமா?

ருசியான தவறு

முதலில் ஒரு கதை. 1972 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் சீனாவுக்குப் போனார். அந்த விஜயத்தின்போது, பிரெஞ்சுப் புரட்சியின் பலன் என்ன என்று பிரதமர் சூ என்லாயிடம் கேட்டார்களாம். "அதைப் பற்றிச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை" என்று அவர் பதில் சொன்னாராம்.

பிரெஞ்சுப் புரட்சி நடந்தது 1789-ல். 180 வருஷங்களுக்கு மேல் ஆகியும் "இன்னும் காலம் வரவில்லை" என்றால், என்ன தீர்க்க தரிசனம்! என்ன பொறுமை! நாம் அடுத்த தேர்தலை நினைக்கிறோம், சீனர்களோ நூற்றாண்டுக் கணக்கில் நினைக்கிறார்கள் என்று மேல்நாட்டுப் பேராசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் இதை நாற்பது வருஷம் சொல்லிச் சொல்லி வியந்தார்கள்.

2011-ல் விஷயம் வெளியாயிற்று. நிக்ஸனுக்கு அன்று மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்த சாஸ் ஃப்ரீமன் உண்மையைச் சொன்னார். சூ என்லாய் பேசியது 1789-ஆம் வருஷத்துப் புரட்சியைப் பற்றி அல்ல. 1968-ல் பாரிஸ் நகரில் மாணவர்கள் செய்த கிளர்ச்சியைப் பற்றி! நாலு வருஷத்துக்கு முன் நடந்த கலவரத்தைப் பற்றிக் கேட்டால், "இப்போது சொல்ல முடியாது" என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? அப்படியானால் இத்தனை நாள் ஏன் திருத்தவில்லை? அந்தத் தவறு திருத்த மனம் வராத அளவுக்கு ருசியாக இருந்தது என்பதே ஃப்ரீமன் சொன்ன காரணம்.

இதைப் போல் இன்னும் உண்டு. நெருக்கடி என்பதற்குச் சீன மொழியில் 'வெய்ஜி' என்பார்கள். அதை இரண்டு எழுத்தால் எழுதுவார்கள். ஒரு எழுத்துக்கு ஆபத்து என்றும், மற்றதற்கு வாய்ப்பு என்றும் பொருள் என்று ஜான் கென்னடி 1959-லேயே மேடையில் பேசினார். அதற்குப் பிறகு வியாபார ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லாம் இதைப் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த இரண்டாவது எழுத்துக்கு இந்த இடத்தில் வாய்ப்பு என்ற பொருளே கிடையாது, 'முக்கியமான கட்டம்' என்றுதான் அர்த்தம் என்று விக்டர் மெயர் என்ற அமெரிக்கச் சீன மொழிப் பேராசிரியர் விளக்கிச் சொல்லியும் பாடம் நின்றபாடில்லை.

இவை தீங்கில்லாத தவறுகள், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு தேசத்தின் ஆட்சியையே இந்த மாதிரி படித்தால்?

சாவிக் கொத்து யாரிடம்?

சில வீடுகளில் வாசலில் ஐயாவின் பெயர்ப் பலகை தொங்கும். ஆனால் பீரோச் சாவி பாட்டியம்மாளின் இடுப்பில் இருக்கும். அந்த வீட்டில் கடன் கேட்கப் போகிறவர் பலகையைப் பார்த்துப் பயன் இல்லை. சாவிக் கொத்தைப் பார்க்க வேண்டும். சீனாவின் ஆட்சிமுறையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி.

அங்கே சர்க்கார் ஒன்று உண்டு. கம்யூனிஸ்ட் கட்சி ஒன்று உண்டு. ஒரு நகரத்தில் மேயர் இருப்பார், கட்சியின் காரியதரிசியும் இருப்பார். பெரியவர் காரியதரிசிதான். மாகாணத்திலும் அப்படியே, தலைநகரிலும் அப்படியே. கட்சியில் 10 கோடிப் பேருக்கு மேல் அங்கத்தினர்கள். ஆனால் உச்சியில் இருக்கிற நிலைக்குழுவில் இருப்பவர்கள் 7 பேரே. அவர்களுக்குத் தலைவர் கட்சியின் பொதுக் காரியதரிசி. 2012 முதல் ஷி ஜின்பிங்.

டெங் சியாவோபிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் பொருளாதாரத்தையே திருப்பிவிட்ட மனிதர். அவர் ஜனாதிபதியாக இருந்ததில்லை, பிரதமராகவும் இருந்ததில்லை. 1989-ல் ராணுவக் கமிஷன் தலைமையையும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது சீட்டாட்டச் சங்கத்தின் கௌரவத் தலைமை ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் 1992-ல் அந்தக் கிழவர் தெற்கே ஒரு யாத்திரை போய், பொருளாதாரச் சீர்திருத்தம் நிற்கக் கூடாது என்று நாலு வார்த்தை சொன்னார். தேசத்தின் போக்கே மாறிற்று. சாவிக் கொத்து என்றால் இதுதான்!

2018 மார்ச்சில் சீனாவின் மக்கள் காங்கிரஸ் கூடி, ஒருவர் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டது. ஆதரவாக 2,958 வோட்டு. எதிராக இரண்டே இரண்டு. "ஆயுள்கால ஜனாதிபதி!" என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் அலறின. அதிகாரம் ஒருவரிடம் குவிகிறது என்று அவை சொன்னது மெய்தான். ஆனால் அவை உற்றுப் பார்த்தது பெயர்ப் பலகையை. கட்சியின் பொதுக் காரியதரிசிக்கோ, ராணுவக் கமிஷன் தலைவருக்கோ இப்படிப்பட்ட வரம்பு எழுத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. 2022 அக்டோபரில் ஷி ஜின்பிங் மூன்றாம் முறையாகப் பொதுக் காரியதரிசி ஆனார். மறு வருஷம் ஜனாதிபதிப் பதவி தானே பின்னால் வந்தது.

பெண்கள் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வானத்தின் பாதியைப் பெண்கள் தாங்குகிறார்கள் என்பது மா சே துங் காலத்துக் கோஷம். ஆனால் கட்சியின் நிலைக்குழுவில் இதுவரை ஒரு பெண்கூட இடம் பெற்றதில்லை. 2022-ல் அமைந்த 24 பேர் கொண்ட அரசியல் குழுவிலும் பெண் ஒருவர்கூட இல்லை. 25 வருஷத்தில் அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. பாட்டியம்மாளின் இடுப்பில் சாவி இருக்கும் என்று நான் சொன்ன உவமை, பாவம், இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது!

மலை உயரம், மகாராஜா தூரம்

அடுத்த தப்பு அபிப்பிராயம்: பீஜிங்கில் ஒருவர் விசையை அழுத்தினால் 140 கோடிப் பேரும் ஒரே மாதிரி நடப்பார்கள் என்பது.

சீனர்களிடையே ஒரு பழமொழி உண்டு: "மலை உயரம், மகாராஜா தூரம்." தலைநகரின் கை கிராமம் வரை எட்டாது என்று பொருள். இன்றும் மொத்த சர்க்கார் செலவில் 100-க்கு 80 பங்குக்கு மேல் மாகாணம், நகரம், ஜில்லா என்று கீழே உள்ள சர்க்கார்களின் கையால்தான் நடக்கிறது. மேலிருந்து கொள்கை வரும். அதைத் தட்டிக் கழிக்கக் கீழே ஒரு யுக்தி பிறக்கும்.

சில சமயம் அந்த யுக்தி தேசத்தையே காப்பாற்றியதும் உண்டு. அன்ஹுய் மாகாணத்தில் சியாவோகாங் என்று ஒரு சின்னக் கிராமம். நிலமெல்லாம் கூட்டுப் பண்ணைக்குச் சொந்தம். விளைச்சலோ வயிற்றுக்குப் போதாது. 1978-ஆம் வருஷக் கடைசியில் 18 குடும்பத்தார் ஒரு குடிசையில் இரகசியமாகக் கூடினார்கள். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, சர்க்காருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதிக் கைந்நாட்டு வைத்தார்கள். அந்தத் தாளில் இன்னொரு வாசகமும் இருந்தது. இதற்காக யாராவது சிறைக்குப் போக நேர்ந்தால், அவர்களுடைய குழந்தைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்பதே அது.

படிக்கும்போதே நெஞ்சு பதைக்கிறது அல்லவா? மறு வருஷம் அறுவடை குவிந்தது. விஷயம் மேலே எட்டியது. மேலே இருந்தவர்கள் தண்டிப்பதற்குப் பதில் அதையே தேசம் முழுவதும் கொள்கையாக்கினார்கள். சீனாவின் பெரிய மாறுதல்களில் ஒன்று இப்படி அடியிலிருந்து தொடங்கிற்று.

ஆனால் தலைநகரம் தூரத்தில் இருப்பதால் எப்போதும் நன்மையே விளையும் என்று நினைத்துவிடாதீர்கள். வூஹான் நகரத்துக் கண் டாக்டர் லி வென்லியாங், புதுவிதமான காய்ச்சல் ஒன்று பரவுகிறது என்று சக டாக்டர்களை எச்சரித்தார். 2020 ஜனவரி 3-ஆம் தேதி உள்ளூர்ப் போலீஸார் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிப்ரவரியில் அதே நோய்க்கு அவர் பலியானார். மேலிடத்துக்குக் கெட்ட செய்தி சொல்லப் பயப்படுகிற கீழதிகாரிகள்: இந்த ஆட்சிமுறையின் பழைய வியாதி இது. அந்த வியாதியின் கோர முகத்தைச் சற்று நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

பயக் கண்ணாடி

சீனாவைப் பார்க்க மேல்நாட்டார் மாட்டிக்கொண்ட மூக்குக் கண்ணாடிகள் மூன்று என்று சொல்லலாம். முதலாவது பயம்.

1949-ல் கம்யூனிஸ்டுகள் வென்றதும், "சீனாவைத் தொலைத்தவர் யார்?" என்று அமெரிக்காவில் கூச்சல் எழுந்தது. பையில் இருந்த காசல்லவா தொலையும்? சீனா யார் பையில் இருந்தது? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. சியாங் கை ஷேக்கின் ஆட்சி உள்ளுக்குள் உளுத்துப் போயிருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியவர்கள் ஜான் சர்வீஸ், ஜான் டேவிஸ் முதலிய அமெரிக்க ராஜதந்திரிகள். அவர்கள்மீதே தேசத் துரோகப் பழி விழுந்தது. சர்வீஸுக்கு 1951-ல் வேலை போயிற்று, டேவிஸுக்கு 1954-ல். சர்வீஸ் வழக்காடி 1957-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். ஆனால் உண்மை சொன்னால் சோறு போய்விடும் என்ற பாடத்தை மற்ற அதிகாரிகள் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அதனால், மாஸ்கோவும் பீஜிங்கும் ஒரே உடம்பு என்ற எண்ணம் வெகு காலம் நீடித்தது. 1960-ல் ருஷ்யா தன் நிபுணர்களைச் சீனாவிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டது. 1969-ல் இரண்டு தேசத்துச் சிப்பாய்களும் எல்லை ஆற்றில் சுட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா விழித்துக்கொண்டது.

இந்தக் கண்ணாடி இப்போதும் உடையவில்லை. சீனாவில் ஒவ்வொரு பிரஜைக்கும் சர்க்கார் மார்க்குப் போடுகிறது, மார்க்குக் குறைந்தால் வாழ்க்கையே போயிற்று என்று படித்திருப்பீர்கள். 2014-ல் 'சமூக நம்பகம்' பற்றி ஒரு திட்டம் போட்டார்கள் என்பது மெய். சில ஊர்களில் மார்க்கு முறையைப் பரீட்சை பார்த்ததும் மெய். ஆனால் தேசம் முழுவதற்கும் ஒரே மார்க்கு என்று எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. திட்டத்தின் பெரும்பகுதி கம்பெனிகளைப் பற்றியது. கோர்ட்டுத் தீர்ப்பானபின்னும் கடனைக் கட்டாதவர்களுக்கு ஒரு கறுப்புப் பட்டியல் உண்டு. அதில் பெயர் ஏறினால் விமான டிக்கெட்டும் அதிவேக ரயில் டிக்கெட்டும் கிடைக்காது. அதில் அநியாயங்கள் நேர்வதும் உண்டு.

இல்லாத பூதத்தைத் துரத்துவதில் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். இருக்கிற பூதம் தப்பித்துக்கொள்ளும் என்பதே நஷ்டம். சின்ஜியாங் மாகாணத்தில் 2017 முதல் உய்குர் முஸ்லிம்களைப் பெருவாரியாக முகாம்களில் அடைத்தார்கள். மனித குலத்துக்கு எதிரான குற்றமாகவே அது இருக்கக் கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022-ல் அறிக்கை வெளியிட்டது. மார்க்குக் கதையைக் கேட்டவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்?

மோகக் கண்ணாடி

இரண்டாவது கண்ணாடி இன்னும் பொல்லாதது. அதற்குப் பெயர் மோகம்.

1958-ல் மா சே துங் 'பெரும் பாய்ச்சல்' என்று ஒரு திட்டம் தொடங்கினார். வீட்டுக்கு வீடு சமைப்பது வீண் வேலை, ஊருக்கெல்லாம் பொதுச் சாப்பாட்டுக் கூடம் போதும் என்றார்கள். கொல்லைப்புறத்து உலைகளில் எஃகு காய்ச்ச இரும்பு வேண்டுமே! வீட்டு அடுப்பிலிருந்த சட்டிகளையே வாங்கிப் போய் உருக்கினார்கள். ஆம், நம் அடுப்பில் இருக்கிறதே, அதே சீனாச் சட்டி! வந்த எஃகு பெரும்பாலும் எதற்கும் உதவவில்லை.

விளைச்சல் குறைந்தது. ஆனால் கீழதிகாரிகள் பயந்துகொண்டு, அமோக விளைச்சல் என்று கணக்கு எழுதினார்கள். அந்தப் பொய்க் கணக்கை வைத்துச் சர்க்கார் தானியத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. பொதுக் கூடங்களில் கஞ்சியும் தீர்ந்தது. வீட்டிலோ சட்டி இல்லை. 1959 முதல் 1961 வரை பட்டினியால் செத்தவர்கள் 1½ கோடி முதல் 4½ கோடி வரை என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

அந்தச் சமயத்தில் சீனாவுக்குப் போன மேல்நாட்டுப் பிரமுகர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்தின் வீரர் ஃபீல்டு மார்ஷல் மாண்ட்கோமரி போய் வந்து, பெரிய பஞ்சம் எதுவும் இல்லை என்றார். பிற்காலத்தில் பிரான்ஸ் தேசத்து ஜனாதிபதியான மித்தராண்டும் 1961-ல் போய்ப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். இருவரும் வேண்டுமென்று பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. விருந்தாளியாகப் போனார்கள், காட்டியதைப் பார்த்தார்கள், விருந்தும் சாப்பிட்டார்கள்.

உண்மை யாருக்குத் தெரிந்திருந்தது? ஹாங்காங்கில் இருந்த சாதாரணக் குடும்பங்களுக்கு. எல்லைக்கு அப்பால் இருந்த உறவினருக்கு அவர்கள் எண்ணெயும் சர்க்கரையும் அரிசியும் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரமுகர்களின் கட்டுரையில் இல்லாத செய்தி அந்தத் தபாலாபீஸ் வரிசையில் இருந்தது.

மோகம் அதோடு தீரவில்லை. சீனா ஒரு குழந்தைத் திட்டத்தைக் கடுமையாக நடத்திக்கொண்டிருந்த 1983-ல், ஐ.நா. தன் முதலாவது ஜனத்தொகைப் பரிசைக் கொடுத்தது. சீனாவின் குடும்பக் கட்டுப்பாட்டு மந்திரி சியான் சின்ஜோங்கும் நம் பிரதமர் இந்திரா காந்தியும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே வருஷம் சீனத்துப் பெண்கள் லட்சக்கணக்கில் பலவந்தமான சிகிச்சைகளுக்கு ஆளானார்கள். பரிசு மேடைக்கு அவர்களுடைய குரல் எட்டவில்லை. 2016-ல் சீனாவே அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, 2021-ல் மூன்று குழந்தை பெறலாம் என்று சொல்லிற்று. அடக்கச் சொன்னதும் பெறச் சொல்வதும் மேலிடமே. சுமந்தவள் மட்டும் பெண்.

ஆசைக் கண்ணாடி

மூன்றாவது கண்ணாடி ஆசை. "கதவைத் திறந்து வியாபாரம் செய்தால் சீனாவும் நம்மைப் போல் ஆகிவிடும்" என்ற ஆசை.

2000-ஆம் வருஷம் மார்ச்சில் ஜனாதிபதி கிளிண்டன் பேசினார்: இணையத்தைக் கட்டுப்படுத்த நினைப்பது ஜெல்லி மிட்டாயைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது போல் என்று. சபையே சிரித்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் சேர்ந்தது. வியாபாரம் பெருகிற்று. நாற்பது வருஷத்தில் சுமார் 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று உலக வங்கியே சொல்கிறது. இது சாமானிய காரியம் அல்ல. ஆனால் ஜெல்லியைச் சுவரில் மாட்டியும் காட்டினார்கள்! ஃபேஸ்புக்குக்கு 2009-ல் தடை விழுந்தது; 2010-ல் கூகிள் தன் தேடல் கடையைக் கட்டிக்கொண்டு வெளியேறிற்று.

பணம் சேர்ந்தால் வியாபாரிகள் வோட்டுக் கேட்பார்கள் என்று மேல்நாட்டார் எண்ணினார்கள். கட்சியோ 2002-ல் தன் விதியைத் திருத்தி, முதலாளிகளையே அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. 1991-ல் ருஷ்யக் கட்சி ஏன் கவிழ்ந்தது என்று அவர்கள் பரீட்சைக்குப் படிப்பது போல் படித்திருந்தார்கள்.

அப்படியானால் சீன ஜனங்களுக்குக் கேள்வி கேட்கவே தெரியாதா? அதுவும் தவறு. 1989 ஜூன் 3-ஆம் தேதி இரவு, தியானன்மென் சதுக்கத்தை நோக்கி ராணுவம் சுட்டுக்கொண்டு வந்தபோது, டிங் ஸிலின் என்ற பேராசிரியையின் 17 வயது மகன் பலியானான். அந்தத் தாய் தன்னைப் போல் பிள்ளையை இழந்த பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்து, பலியானவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தாள். போலீஸ் காவலுக்கும் அஞ்சவில்லை. 2022 நவம்பரில் உரும்சி நகரில் தீ விபத்து நேர்ந்து 10 பேர் இறந்தபின், பல நகரங்களில் இளைஞர்களும் பெண்களும் வெறும் வெள்ளைத் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். மறு மாதமே கொரோனாக் கட்டுப்பாடுகளைச் சர்க்கார் தளர்த்த நேர்ந்தது.

அம்பாந்தோட்டைத் துறைமுகம்

இனி, வெளி உலகத்தில் சீனாவின் வேலை. இதற்கு நமக்கு வெகு சமீபத்திலேயே உதாரணம் இருக்கிறது.

இலங்கையின் தெற்குக் கோடியில் அம்பாந்தோட்டைத் துறைமுகம். சீனா வேண்டுமென்றே கடன் கொடுத்து, கட்ட முடியாமல் போனதும் துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது என்பது உலகம் அறிந்த கதை. 'கடன் பொறி' என்ற இந்தச் சொல்லை 2017-ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நம் தேசத்து நிபுணர் பிரம்ம செல்லானி. அதை எடுத்து உலகமெங்கும் பரப்பியவர்கள் வாஷிங்டன் பெரியவர்கள்.

நடந்தது என்ன? துறைமுகம் கட்ட வேண்டும் என்ற ஆசை இலங்கை அரசியல்வாதிகளுடையது. சீனாவின் கடன் வருமுன்பே கனடா, டென்மார்க் தேசத்துக் கம்பெனிகள் அதற்கு ஆய்வு நடத்தியிருந்தன. 2017-ல் 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனி சுமார் 112 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணம் துறைமுகக் கடனுக்குப் போகவில்லை. இலங்கையின் டாலர் கையிருப்பில் சேர்ந்தது. பழைய கடன் அப்படியே நின்றது. 2021 முடிவில் இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. சர்வதேசச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கிய கடனோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெண்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற படங்களைப் பார்த்தோம். அந்த வரிசைக்குக் காரணம் ஒன்றல்ல: 2019-ல் வரியைக் குறைத்தது, கொரோனாவில் சுற்றுலா படுத்தது, 2021-ல் ரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியது, வட்டி அதிகமான பத்திரக் கடன் எல்லாம் சேர்ந்தன. சீனாவின் மேலும் குற்றம் உண்டு. லாபம் வராத திட்டங்களுக்குக் கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தது; நிபந்தனைகளை மூடி வைத்தது. ஆனால் "எல்லாம் சீனாவின் சூழ்ச்சி" என்று சொல்லிவிட்டால் யாருக்கு லாபம்? வரியைக் குறைத்தவரும் உரத்தை நிறுத்தியவரும் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்வார்கள். வரிசையில் நின்றவளுக்கு யார் பதில் சொல்வது?

நாம் மட்டும் என்ன?

மேல்நாட்டாரைக் குறை சொல்லிவிட்டு நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. 1954-ல் பஞ்சசீலம் என்றோம். சீனரும் நாமும் சகோதரர் என்று கோஷம் போட்டோம். 1962 அக்டோபரில் யுத்தம் வந்தது. நம் அம்மாக்களும் பாட்டிமாரும் கை வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த கதையை எத்தனையோ வீடுகளில் இன்றும் சொல்வார்கள். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தார்கள். அவர்களில் ஒருவர் நம் ராமநாதபுரம் ஜில்லாக்காரர். அண்டை வீட்டாரைப் புரிந்துகொள்வது வேறு, கண்ணை மூடி நம்புவது வேறு. சொல்லப் போனால், நம்ப முடியாத அண்டை வீட்டாரைத்தான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை சீனாவைப் பற்றி ஒரு செய்தி படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொல்கிறவர் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சொல்கிறாரா, சாவிக் கொத்தைப் பார்த்துச் சொல்கிறாரா? அவர் மாட்டியிருக்கும் கண்ணாடி பயமா, மோகமா, ஆசையா? அந்த ஊர்ச் சாதாரணக் குடும்பத்தாரை யாராவது கேட்டார்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஃபீல்டு மார்ஷலுக்குத் தெரியாமல் போனது, எண்ணெயும் சர்க்கரையும் பொட்டலம் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று மாலை சீனாச் சட்டியை அடுப்பில் வைக்கும்போது, தன் சட்டியை உலைக்குக் கொடுத்துவிட்டு நின்ற அந்தப் பெண்ணையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேசத்தின் ஆட்சி நன்றாக நடக்கிறதா என்று அறிய, அவளைவிட நல்ல சாட்சி கிடைக்காது.